‘முடிஞ்சா ரெண்டு பாட்டில் பொவண்டோ!’ - ஊர் பானம் ஏன் விமானம் ஏற மறுக்கிறது?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நெல்லைக்காரர்கள், ஊருக்கு வந்து திரும்பும் நண்பரிடம் கொடுக்கும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அல்வா, கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடி கருப்பட்டி, கொஞ்சம் மிக்சர். கடைசியில், கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு ஒரு வரி வரும்: "ஏலே, முடிஞ்சா ரெண்டு பாட்டில் பொவண்டோ கொண்டு வாடே."

அல்வாவும் அப்பளமும் சத்தமில்லாமல் பெட்டிக்குள் போய்விடும். பொவண்டோவில்தான் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். கண்ணாடி பாட்டிலா, பிளாஸ்டிக் பாட்டிலா? விமானத்தில் வெடிக்குமா? கஸ்டம்ஸில் பிடிப்பார்களா? அதற்குப் பதிலாக நம்ம ஊர் பீர் வாங்கிக்கொண்டு போனால் என்ன?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். மணிமுத்தாறு அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் வழியில் பெட்டிக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு பானம், மாநில எல்லையைத் தாண்டியதும் ஏன் தேடி அலைய வேண்டிய பொருளாக மாறிவிடுகிறது?

பீருக்காக லாரி ஓட்டிய கதை

ஊர் பானத்துக்கு ஏங்குவது தமிழர்களுக்கு மட்டுமே உரிய பழக்கம் இல்லை. உலகம் முழுக்க இந்தத் தேடல் உண்டு. அதிகமாக நடப்பது பீர் ரசிகர்களிடம்.

1977-ல் வெளியான ‘ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்’ என்ற ஹாலிவுட் படத்தின் கதையே ஒரு லாரி பீர்தான். டெக்சாஸ் எல்லையில் இருந்து ஜார்ஜியா மாநிலத்துக்கு ‘கூர்ஸ்’ பீரைக் கடத்திக்கொண்டு போக வேண்டும். அந்தக் காலத்தில் கூர்ஸ், அமெரிக்காவின் மேற்குப் பக்க மாநிலங்களில் மட்டுமே விற்கப்பட்டது. கிருமி நீக்கத்துக்காகச் சூடுபடுத்தாத பீர் என்பதால், தயாரித்த இடத்தில் இருந்து கடை வரைக்கும் குளிர்ச்சியிலேயே கொண்டுபோக வேண்டியிருந்தது. தூரம் கூடக் கூடச் செலவும் கூடும். கிழக்குப் பக்கம் கிடைக்காததாலேயே அங்கே அதற்கு மவுசு ஏறியது.

விஸ்கான்சின் மாநிலத்தின் நியூ கிளாரஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. "விஸ்கான்சினில் மட்டும்" என்பதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. பெல்ஜியத்தில் வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடத்துத் துறவிகள், மடத்தை நடத்தத் தேவையான அளவுக்கு மட்டுமே பீர் காய்ச்சுகிறார்கள். அதை வாங்க நீண்ட காலம் போனில் முன்பதிவு செய்து, கார் நம்பரைக் கொடுத்து, மடத்து வாசலுக்கே போக வேண்டியிருந்தது. 2019-ல்தான் ஆன்லைன் பதிவு வந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையின் லயன் ஸ்டவுட். நுவரெலியாவின் தேயிலை மலைகளில் 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய மதுபான ஆலையில் இருந்து வந்த கறுப்பு பீர் இது. ஆல்கஹால் அளவு 8 சதவீதத்துக்கும் மேல். பீர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற பிரிட்டன் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, வேறொருவர்) இதைத் தேடிப் போய்க் குடித்துவிட்டு எழுதினார். அதன் பிறகு வெளிநாட்டு பீர் ரசிகர்களின் தேடல் பட்டியலில் லயன் ஸ்டவுட் இடம்பிடித்தது.

கூர்ஸ், துறவிகள் பீர், லயன் ஸ்டவுட். மூன்றுக்கும் ருசி வேறு, ஊர் வேறு. ஆனால் மூன்றும் ஊரோடு ஒட்டிக்கொண்ட பானங்கள். தாமிரபரணிக் கரையில் அந்த இடத்தில் நிற்பது பீர் இல்லை, சோடாவும் கலரும்தான்.

நம்ம ஊர் பட்டியலில் என்ன இருக்கிறது?

பொவண்டோவைத் தயாரிக்கும் காளிமார்க், 1916-ல் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடாரால் விருதுநகரில் தொடங்கப்பட்டது. நூறாண்டு தாண்டிய நிறுவனம். பொவண்டோ வந்தது 1950-களின் இறுதியில். காமராஜர் ஆட்சியில் மணிமுத்தாறு அணை கட்டி முடிக்கப்பட்டதும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான். கோலா நிறம், ஆனால் திராட்சை வாசனை தூக்கலாக இருக்கும். பெப்சி, கோக் குடித்துப் பழகியவர்களுக்கு முதல் மடக்கில் ஏதோ சிரப் மாதிரி தெரியலாம். சின்ன வயதில் கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ குடித்தவர்களுக்கு அது வேறு விஷயம்.

அடுத்தது பன்னீர் சோடா. ரோஜா வாசனை, லேசான இனிப்பு. பிரியாணிக்கு அப்புறம் பலருக்கும் இது இல்லாமல் ஆகாது. இதைப் பெரிய பிராண்டுகளும் போடுகின்றன, ஊருக்கு ஊர் சிறிய சோடா கம்பெனிகளும் போடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு ருசி.

மூன்றாவது கோலி சோடா. 1872-ல் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய பாட்டில் இது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாய்ப்பக்கம் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். உள்ளே இருக்கும் வாயுவே கோலியைத் தள்ளிக்கொண்டு போய் வளையத்தோடு ஒட்டவைத்துவிடும். மூடி, தகரம் எதுவும் வேண்டாம். இங்கிலாந்து மறந்துபோன பாட்டில், நம் ஊர்களில் பல தலைமுறை ஓடியது.

நான்காவது, தொழிற்சாலையே தேவைப்படாத பதநீர். நெல்லை, தூத்துக்குடி பனங்காடுகளில் இருந்து வருவது. காலையில் இறக்கினால் மதியத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

இதே மாதிரி ஈழத்தமிழர்களிடம் கேட்டால் எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீர் என்பார்கள். பெயரில்தான் பீர், உள்ளே இருப்பது இஞ்சி சோடா. அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் வேர் 1866-ல் கொழும்பில் தொடங்கிய ஐஸ் கம்பெனியில் இருக்கிறது. லண்டனிலும் டொரோண்டோவின் ஸ்கார்பரோவிலும் உள்ள தமிழ்க் கடைகளில் இது சாதாரணமாகக் கிடைக்கும். புலம்பெயர்ந்தவர்களின் ஏக்கம் ஏற்றுமதியாக மாறினால் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஏன் எல்லை தாண்டுவதில்லை?

காரணம் ஒன்று: தண்ணீர். எந்தக் குளிர்பானத்தை எடுத்தாலும் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். ஒரு லிட்டர் பானம் என்றால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே ஒரு கிலோவுக்கு அல்வா அனுப்பினால் விலையும் அதிகம், லாபமும் அதிகம். பானத்தை அனுப்புவது என்பது பெரும்பாலும் தண்ணீருக்கு வாடகை கட்டுவது.

பெரிய கம்பெனிகள் இதை வேறு விதமாகச் சமாளித்தன. அவை பானத்தை அனுப்புவதில்லை. ருசிக்கான அடர்கரைசலை மட்டும் அனுப்பிவிட்டு, அந்தந்த ஊர்த் தண்ணீரையும் சர்க்கரையையும் சேர்த்து அங்கேயே பாட்டிலில் அடைக்கின்றன. அதனால்தான் ஒரே பெயர் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. வட்டார நிறுவனத்துக்கு அந்த அளவு பாட்டில் ஆலைகள் கிடையாது. ஆலை இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் அதன் உலகம்.

காரணம் இரண்டு: பாட்டில். திரும்ப வரும் கண்ணாடி பாட்டில், உள்ளே இருக்கும் பானத்தைவிடக் கனமானது. அது கடைக்குப் போக வேண்டும், காலியாகத் திரும்பி வர வேண்டும், கழுவ வேண்டும், மறுபடி நிரப்ப வேண்டும். "குடிச்சிட்டு பாட்டிலை வெச்சிட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொல்வது அதனால்தான். வண்டி ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தப் பானத்தின் எல்லை. ஒரு வட்டாரத்து பானம் வட்டாரத்திலேயே நிற்பதற்கு இதுதான் பழைய, எளிய கணக்கு.

பெட் பாட்டில் வந்ததும் இந்த எல்லை விரிந்தது. ஆனால் பெட் பாட்டிலுக்கு ஒரு குறை உண்டு. அதன் சுவர் வழியாக கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பாட்டில் சின்னதாக இருந்தால் கசிவின் பாதிப்பு அதிகம். அதனால் கண்ணாடியில் இருக்கும் சுறுசுறுப்பு பிளாஸ்டிக்கில் அதே அளவு நாள் நிற்காது. "கண்ணாடி பாட்டில்ல குடிச்சாத்தான் ருசி" என்று பெரியவர்கள் சொல்வது வெறும் நினைவேக்கம் இல்லை.

காரணம் மூன்று: ஃப்ரிட்ஜ். கடையில் நிற்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் அதன் மேல் ஏதாவது ஒரு பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். கம்பெனியே கொடுத்தது. நிபந்தனை, எங்கள் பொருளை மட்டும் அல்லது எங்கள் பொருளை முதலில் அடுக்க வேண்டும் என்பது. சின்னக் கடைக்காரருக்கு ஃப்ரிட்ஜ் வாங்கும் செலவு மிச்சம். ஆனால் குளிர்ச்சியான இடத்தை இழந்த பானம், விற்பனையையும் இழக்கும். சூடாக நிற்கும் பொவண்டோவை யார் வாங்குவார்கள்?

1990-ல் பெப்சி இந்தியாவுக்குள் வந்தது. 1977-ல் வெளியேறிய கோக் 1993-ல் திரும்பி வந்தது. அதே ஆண்டில் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றை பார்லே நிறுவனம் கோக்கிடம் விற்றது. நாடு முழுக்கப் பல வட்டாரப் பெயர்கள் விற்கப்பட்டன, அல்லது மெல்ல மறைந்தன. தமிழ்நாட்டில் காளிமார்க் தாக்குப்பிடித்து நின்றது.

காரணம் நான்கு: வரி. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, இனிப்பும் வாசனையும் சேர்த்த கேஸ் பானங்களுக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத கூடுதல் வரியும் விதிக்கப்பட்டன. மொத்தம் 40 சதவீதம். 2025 செப்டம்பரில் வரி அடுக்குகள் மாற்றப்பட்டபோதும் இந்த 40 சதவீதம் அப்படியே நின்றது. உலகின் மிகப்பெரிய கோலா கம்பெனிக்கும் இதே வரி, ஊருக்குள் பன்னீர் சோடா போடுகிறவருக்கும் இதே விகிதம்.

தாமிரபரணிக்கு இதில் என்ன சம்பந்தம்?

பானம் என்பது பெரும்பாலும் தண்ணீர் என்றால், அடுத்த கேள்வி யாருடைய தண்ணீர் என்பதுதான். அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் அதிகம் கேட்ட ஊர் திருநெல்வேலி.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி, தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடியும் வற்றாத ஆறு. மணிமுத்தாறு அதன் முக்கியத் துணை ஆறு. இந்த நீரை நம்பி நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வயல்களும் குடிநீர்த் திட்டங்களும் இருக்கின்றன.

திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் கோக், பெப்சி பானங்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்கப்பட்டது. ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்ற விலை வெளியே வந்ததும் கோபம் கிளம்பியது. ஒரு லிட்டர் தண்ணீர் நான்கு காசுக்கும் குறைவு என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு தொடரப்பட்டது. 2016 நவம்பரில் தண்ணீர் வழங்க இடைக்காலத் தடை வந்தது. 2017 மார்ச் 2-ம் தேதி மனுக்கள் தள்ளுபடியாகி, தடை நீங்கியது. உபரி நீர்தான் வழங்கப்படுகிறது என்பது அரசுத் தரப்பின் வாதம்.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய இளைஞர்களிடம் வெளிநாட்டுக் குளிர்பானங்களுக்கு எதிரான முழக்கமும் எழுந்தது. வணிகர் சங்கங்கள் அதைக் கையில் எடுத்தன. மார்ச் 1 முதல் கோக், பெப்சியை விற்பதில்லை என்று அறிவித்தன. அந்த நாட்களில் பொவண்டோவுக்குத் திடீரென்று கிராக்கி ஏறியது. அதுவரை அதைக் குடித்தே பார்க்காத சென்னை ஐடி ஊழியர்கள்கூட கடையில் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

ஆனால் புறக்கணிப்பு நீடிக்கவில்லை. காரணம், மேலே சொன்ன அதே பட்டியல்தான். கேட்கிற அத்தனை கடைக்கும் உடனே சரக்கு அனுப்பும் அளவுக்கு வட்டார ஆலைகள் கிடையாது. ஃப்ரிட்ஜும் கம்பெனியுடையது. உணர்ச்சியால் ஒரு பானத்தை ஒரு மாதம் விற்கலாம். அதற்கு அப்புறம் விற்க லாரியும் பாட்டிலும் ஃப்ரிட்ஜும் வேண்டும்.

சரி, நண்பர் பீர்தான் வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

இங்கேதான் எல்லைகள் இன்னும் இறுக்கமாகின்றன. இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். குடிக்கும் மது ஜிஎஸ்டிக்குள்ளேயே வராது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம், தனி வரி, தனி லேபிள். ஒரே பெயர் கொண்ட பீர், தமிழ்நாட்டில் ஓர் ஆலையிலும் கர்நாடகத்தில் வேறு ஆலையிலும் தயாராகலாம்.

தமிழ்நாட்டில் டாஸ்மாக் 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடையில் எது இருக்கும் என்பது அந்தக் கொள்முதலைப் பொறுத்தது. "அந்த பீர் இருக்கா?" என்று நாலு கடை ஏறி இறங்கினாலும், நான்கிலும் ஒரே பதில் கிடைக்கலாம்.

உண்மையில் இந்த மண்ணின் ‘வட்டார பீர்’ என்று எதையாவது சொல்ல வேண்டும் என்றால் அது கள். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்கத் தடை. பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அது அரசு உரிமம் பெற்ற கடையில் கிடைக்கும். ஒரே மலை, இரண்டு சட்டம்.

நெல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கலும் உண்டு. தென்மாவட்டங்களில் இருந்து வளைகுடாவுக்குப் போகும் பலர் திருவனந்தபுரம் விமான நிலையத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். டாஸ்மாக்கில் வாங்கிய மதுவோடு களியக்காவிளையையோ ஆரியங்காவையோ தாண்டினால், அது வேறு மாநிலத்தின் கலால் சட்டத்துக்குள் நுழைவது. கையில் பில் இருந்தாலும் அதுவே அனுமதி ஆகிவிடாது. விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடையில் வாங்குவதே தலைவலி இல்லாத வழி. என்ன, அங்கே ஊர் பீர் இருக்காது.

பெட்டியில் வைத்தால் வெடிக்குமா?

பலர் பயப்படுவது இதற்குத்தான். விமானத்தின் சரக்குப் பகுதியும் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் பராமரிக்கப்படும் இடம்தான். அழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். தரையைவிடக் கால் பங்குதான் குறைவு. மூடிய கோலா பாட்டிலுக்குள் சாதாரணமாகவே வெளிக்காற்றைப்போல மூன்று, நான்கு மடங்கு அழுத்தம் இருக்கிறது. அதைத் தாங்கவே செய்த பாட்டிலுக்கு இந்தக் கால் பங்கு வித்தியாசம் பெரிய விஷயம் இல்லை.

ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, வெயிலில் நிற்கும் கார் டிக்கி. சூட்டில் அழுத்தம் பல மடங்கு வேகமாக ஏறும். இரண்டு, பெட்டியைத் தூக்கிப் போடும்போது விழும் அடி. மூன்று, பனிக்காலத்தில் கனடா மாதிரியான நாடுகளில் திறந்தவெளியில் காத்திருக்கும் பெட்டி. பானம் உறைந்தால் விரியும், பாட்டில் பிளக்கும்.

எனவே செய்ய வேண்டியது இதுதான்:

- கண்ணாடியைத் தவிருங்கள். பெட் பாட்டில் வாங்குங்கள். கோலி சோடாவைக் கடையிலேயே குடித்துவிட்டுப் போங்கள்.

- தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். புதிதாக வந்த சரக்கு, கொஞ்சம் பெரிய பாட்டில் என்றால் கேஸ் அதிக நாள் நிற்கும்.

- மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். பெட்டியின் ஓரம் வேண்டாம்.

- கைப்பையில் வைக்காதீர்கள். சர்வதேசப் பயணத்தில் கைப்பைக்குள் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது.

- எடையைக் கணக்குப் போடுங்கள். இரண்டு லிட்டர் பாட்டில் நான்கு வைத்தால் எட்டு கிலோவுக்கு மேல் போய்விடும். 23 கிலோ பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலி.

- ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் நுழைவுப் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். மறைத்தால் அபராதம்.

பீர் என்றால் கூடுதல் விதிகள். 24 சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் உள்ள பானங்களை விமானப் பாதுகாப்பு விதிகள் ஆபத்தான பொருளாகப் பார்ப்பதில்லை. பீர் அந்த வரம்புக்குள்தான் வரும். ஆனால் இறங்கும் நாட்டின் சுங்க விதி வேறு. பிரிட்டனில் ஒருவர் 42 லிட்டர் பீர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம். கனடாவில் சுமார் 8.5 லிட்டர். ஆஸ்திரேலியாவில் எந்த மதுவாக இருந்தாலும் மொத்தம் 2.25 லிட்டர். சிங்கப்பூரில் பீர் மட்டும் என்றால் 2 லிட்டர். குவைத்துக்குள் மது கொண்டுபோகவே கூடாது, சவூதி அரேபியாவுக்குப் போகிறவர்களும் பெட்டியில் வைக்கக் கூடாது. இந்த எண்கள் அவ்வப்போது மாறும். டிக்கெட் போட்டதும் அந்த நாட்டுச் சுங்கத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பனைமரம் சொல்லிக்கொடுத்த வழி

பானத்தை எப்படித் தூரம் அனுப்புவது என்ற கேள்விக்கு இந்தப் பகுதி எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டது. பனைச்சாறு இறக்கிய சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பது தள்ளிப்போய்ப் பதநீர் ஆகும். தடவாவிட்டால் கள். இரண்டுமே அதிக தூரம் போகாது. அதே பதநீரை அடுப்பில் வைத்துத் தண்ணீரை வற்றவைத்தால் கருப்பட்டி. அது எத்தனை கடல் வேண்டுமானாலும் தாண்டும்.

பெரிய கோலா கம்பெனிகள் செய்வதும் இதே வேலைதான். தண்ணீரை விட்டுவிட்டு ருசியை மட்டும் அனுப்புவது. வித்தியாசம் என்னவென்றால், கருப்பட்டியில் காசு பனையேறியின் வீட்டுக்கும் போகிறது.

கோலி சோடாவும் இப்போது அந்த வழியைத் தேடுகிறது. 2025-ல் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள அபேடா, கோலி சோடாவை அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதாக அறிவித்தது. வளைகுடாவின் லூலு கடைகளுக்கு அது போகிறது. இந்தியாவுக்குள்ளும் பழைய பெயர்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. 2022-ல் கேம்பா கோலாவை ரிலையன்ஸ் வாங்கியது. 2023-ல் சூரத்தின் சோஸ்யோ பானத்தைத் தயாரிக்கும் நிறுவனத்தில் பாதிப் பங்கை எடுத்தது. நினைவேக்கம் என்பது இன்றைக்கு முதலீட்டாளர்கள் விலை போடும் சொத்து.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஊர் பானம் உலகம் முழுக்கக் கிடைக்க வேண்டும் என்றால் பெரிய ஆலை வேண்டும், நிறைய தண்ணீர் வேண்டும், பெரிய முதலாளி வேண்டும். கங்கைகொண்டானில் எழுந்த கேள்வி அப்போது உள்ளூர் பிராண்டைப் பார்த்தும் எழும். பெயர் நம்முடையது என்பதால் ஆற்றுத் தண்ணீருக்கு விலை குறைந்துவிடாது.

தேடுவதால் யாருக்கு லாபம்?

பெட்டியில் இரண்டு பாட்டில் கொண்டுபோவதால் எந்தக் கம்பெனியும் பிழைக்காது. அதனால் நண்பருக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். ஆனால் அவர் தன் ஊர் இந்தியக் கடையில் "இது வருமா?" என்று கேட்டால், அவரோடு இன்னும் பத்து பேர் கேட்டால், கடைக்காரர் அடுத்த கன்டெய்னரில் ஒரு பெட்டி சேர்த்துப் பார்ப்பார். எலிபன்ட் ஹவுஸ் ஸ்கார்பரோவில் கிடைப்பது, அங்கே அதைக் கேட்டு வாங்கும் ஆட்கள் தொடர்ந்து இருப்பதால்தான்.

இங்கே இருப்பவர்கள் செய்யக்கூடியது அதைவிடச் சுலபம். ஒரு வட்டார பானம் பிழைப்பதும் சாவதும் உள்ளூர்க் கடை ஃப்ரிட்ஜில்தான் முடிவாகிறது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டிலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டு, இல்லை என்றால் வேறொன்று வாங்காமல் திரும்பினால், அந்தக் கடைக்காரர் மறுநாள் லைன் வண்டிக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்பார். கண்ணாடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஆளுக்கு அதே விலையில் கிடைக்கும்.

மணிமுத்தாறு அருவிப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. அருவி இருப்பது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். காட்டில் உடையும் கண்ணாடி யானையின் காலில் குத்தும். நீலகிரியில் 2022-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் வந்ததும் அதனால்தான். சோடா கம்பெனிகள் பல தலைமுறையாக நடத்திய அதே கணக்கு. பொவண்டோவோ பீரோ, குடித்த பாட்டில் கீழே இறங்கி வர வேண்டும். அந்தத் தண்ணீர்தான் திரும்பவும் நம் குழாய்க்கு வரப்போகிறது.